உங்களுக்குத் தெரியுமா? நாலு டயர், நாலு உள்ளங்கை, கொஞ்சம் காற்று

ஒரு டன் எடையுள்ள கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு இருக்கும்? நாலு டயரும் தரையில் படும் பரப்பைச் சேர்த்தாலும் ஒரு ஏ4 தாள் அளவுக்கு வராது. கணக்கு எளிது. டயர் ஒன்றுக்கு 250 கிலோ சுமை. உள்ளே இருக்கும் காற்று 33 பாயிண்ட், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ அழுத்தம். 250-ஐ 2.3-ஆல் வகுத்தால் சுமார் 108 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அவ்வளவுதான். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் மழையில் வழுக்காமல் நிற்பதும் இந்த நாலு உள்ளங்கைகளின் வேலை. பக்கச்சுவரும் கொஞ்சம் சுமக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் நிஜத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ரப்பர் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? வண்டியைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பர் அதைப் பிடித்துவைத்திருக்கும் பை. டயர் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி, கம்பெனி பார்த்து, விலை பேசி வாங்குகிற நாம், அந்தப் பைக்குள் இருக்கும் சரக்கை மட்டும் மாசக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை.

*

"எவ்வளவு சார் வைக்கணும்?"

"எல்லாரும் வைக்கிறது வைங்க."

எல்லாரும் வைப்பது என்று ஓர் அளவே கிடையாது. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று, ஆள் நிறைந்து டிக்கியில் சாமானும் ஏறினால் வேறொன்று என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் அன்று பார்க்க வேண்டியது அந்த மூன்றாவது எண்.

டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எல்லை. அந்த டயர் எந்தக் காரில் மாட்டப்படும் என்பது டயர் செய்தவருக்கே தெரியாது.

*

சித்திரை பிறந்துவிட்டால் பெட்ரோல் பங்குகளில் ஒரு வசனம் கேட்கும்: "வெயில் ஜாஸ்திண்ணே, ரெண்டு பாயிண்ட் கம்மியாவே வைங்க." சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்ற பயம். விரிவது உண்மைதான். காலையில் 30 டிகிரியில் 33 பாயிண்ட் வைத்த டயர், நெடுஞ்சாலையில் ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 38 காட்டும். ஆனால் காரை வடிவமைத்தவர்கள் ஸ்டிக்கரில் 33 என்று எழுதும்போது இந்த ஏற்றத்தையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். கார் டயர்களில் உச்ச எல்லை பெரும்பாலும் 44 அல்லது 51. அதற்கு முன்னால் 38 ஒன்றுமே இல்லை.

டயரை வெடிக்க வைப்பதில் பெரும்பங்கு குறைவான காற்றுக்கே. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. 15 அங்குல ரிம் மாட்டிய சாதாரணக் கார் டயர் கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 மடங்கல். அதில் பிறக்கும் சூடு வெளியேற நேரமே கிடைப்பதில்லை. உள்ளே இருக்கும் நூல் அடுக்கையும் எஃகுக் கம்பிப் பட்டையையும் பிடித்துவைத்திருக்கும் ரப்பர் மெல்லப் பிடி விடுகிறது. கடைசியில் டயர் கிழிந்து பிரியும்போது பார்த்தவர்கள் சொல்வது, "வெயில்ல வெடிச்சுருச்சு." ஆக, வெயிலுக்குப் பயந்து இரண்டு பாயிண்ட் குறைப்பது எந்த விபத்தைத் தடுக்க நினைக்கிறோமோ அதற்கே வழி செய்து கொடுக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொரு பழக்கம்: பாதி வழியில் நிறுத்தி, சூடான டயரில் 38 காட்டுகிறதே என்று 33-க்கு இறக்கிவிடுவது. மறுநாள் காலை டயர் ஆறியதும் அதில் 29-கூட இருக்காது. காற்றை அளக்க வேண்டியது ஆறிய டயரில். காலையில் முதல் வேலையாக, அல்லது வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பங்கில்.

*

ஒரு தேசத்தின் சட்டத்தையே மாற்றிய டயர் கதை ஒன்று உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிரச்சினையின் நடுவில் இருந்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான வண்டி. வேகமாக ஓடும்போது டயரின் மேல்பட்டை அப்படியே உரிந்து பிரிந்தது, வண்டி கவிழ்ந்தது. இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல். விபத்துகள் பரவலாக நடக்கவில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா என்று வெயில் அடிக்கிற மாநிலங்களில் குவிந்திருந்தன.

டயர் செய்த விதத்தில் கோளாறு என்றது ஃபோர்டு. அந்த வண்டிக்கு 26 பாயிண்ட் போதும் என்று ஃபோர்டு சொல்லிவைத்ததும் காரணம் என்றது ஃபயர்ஸ்டோன். நிறுவனர்களான ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்கள். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடிய வியாபார உறவு 2001-இல் முறிந்தது. யார் சொன்னது எவ்வளவு சரி என்பதை இரண்டு தரப்பு வக்கீல்களும் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். ஆனால் சூடு, சுமை, வேகம், குறைந்த காற்று என்ற நாலும் ஒன்றுசேர்ந்தால் பலவீனமான டயர் தாங்காது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

2000 நவம்பரிலேயே அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் ஏற்பாடு 2008 மாடல் கார்களிலிருந்து எல்லாவற்றுக்கும் அங்கே கட்டாயமானது. இன்று நம் ஊர்க் கார்களிலும் அந்த மஞ்சள் விளக்கு இருக்கிறது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

அந்த விளக்கை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க விதிப்படி அது எரிய வேண்டியது, காற்று சொன்ன அளவைவிடக் கால்பங்கு குறைந்த பிறகு. 33 வைக்க வேண்டிய டயரில் 25-க்கு இறங்கிய பின். அதுவரை விளக்கு எரியாமல் இருப்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

*

25 பாயிண்டில் என்ன ஆகும்? அதற்கு மழை பெய்ய வேண்டும்.

1960-களில், ஈரமான ஓடுபாதையில் விமானங்கள் வழுக்கிப் போவதை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டயர் தண்ணீரை விலக்க முடியாமல் அதன் மேலேயே ஏறி மிதக்கிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்த நொடியில் வெறும் அலங்காரம். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக டயரில் இருக்கும் காற்றழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். சூத்திரம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது: பாயிண்ட் எண்ணின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 36 பாயிண்ட் என்றால் வர்க்கமூலம் 6, வேகம் 100. 25 பாயிண்ட் என்றால் வர்க்கமூலம் 5, வேகம் 83 அல்லது 84.

டயரின் பள்ளங்கள் வடிக்க முடிந்ததைவிடச் சாலையில் தண்ணீர் அதிகம் தேங்கியிருக்கும்போது பொருந்தும் கணக்கு இது. பள்ளமே இல்லாத மொட்டை டயருக்கு மெல்லிய தண்ணீர்ப்படலமே போதும். ஐப்பசி மழையில் நான்குவழிச் சாலையில் 85-இல் போவது நமக்கெல்லாம் நிதானமான வேகம். டயரில் 25 இருந்தால் அது நிதானம் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புமுன் காற்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

*

ஓட்டை எதுவும் இல்லாத நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பாயிண்ட் காற்று குறையும். ரப்பரின் ஊடாகவே அது கசிகிறது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் ஆறு பாயிண்ட் போயிருக்கும். டியூப்லெஸ் டயரில் ஆறு பாயிண்ட் குறைந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். காலால் உதைத்துப் பார்ப்பது அதைவிடச் சுத்தம். பேனா அளவில் ஒரு கேஜ் கிடைக்கிறது. கையுறைப் பெட்டியில் கிடக்கட்டும்.

*

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். எண்ணெய் நிறுவனங்கள் பங்குகளுக்கு வகுத்த விதிமுறையிலேயே அது இருக்கிறது. குடிநீரும் கழிப்பறையும் அப்படித்தான். காற்று அடிக்கும் தம்பிக்குக் கொடுக்கும் பத்து ரூபாய் உங்கள் பிரியம்.

*

பச்சை மூடி போட்ட வால்வு என்றால் நைட்ரஜன் அடித்த டயர். காசு கொடுத்து நிரப்பும் அந்த வாயு, இலவசக் காற்றிலும் 78 சதவீதம் இருக்கிறது. நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, கசிவும் சற்று மெதுவாக நடக்கும் என்பது சரிதான். விமான டயர்களில் அது அவசியம், ஏனென்றால் அங்கே உயரத்தின் கடுங்குளிரும் தரையிறங்கும்போது பிரேக்கில் எழும் கடும் சூடும் ஒன்றையடுத்து ஒன்று வரும். அம்பத்தூரிலிருந்து அடையாறுக்குப் போய்வரும் காருக்கு, மாதம் ஒருமுறை ஒழுங்காக அளந்து அடித்த சாதாரணக் காற்றே தாராளம். நைட்ரஜன் அடித்துவிட்டோம், இனி பார்க்க வேண்டாம் என்று ஒரு வருஷம் ஓட்டுபவர்களைவிட அது எவ்வளவோ மேல். நைட்ரஜன் டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்று அடித்தாலும் ஒன்றும் ஆகாது.

*

வால்வு மூடி தொலைந்தால் பலரும் கண்டுகொள்வதில்லை. காற்றை நிறுத்திவைப்பது உள்ளே இருக்கும் சின்ன ஊசிதான், மூடி இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மணல்துகள் அந்த ஊசியின் இருக்கையில் உட்கார்ந்தால் காற்று இராத்திரி முழுக்கக் கசியும். மூடி அந்த மணலைத் தடுக்கிறது.

*

185/65 ஆர் 15 88 எச். இதில் ஒவ்வோர் எண்ணும் தனித்தனிச் செய்தி. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 65 சதவீதம் என்று படிக்க வேண்டும். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே பெயருக்குள் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் கலந்து கிடக்கும் பொருள் வேறு ஏதாவது இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். 88 என்பது சுமைக் குறியீடு. 88 கிலோ இல்லை, 560 கிலோ. இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். டி என்றால் 190, எஸ் என்றால் 180.

அழகுக்காக டயர் அளவை மாற்றுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த 88-ஐ. பழைய டயரைவிடக் குறைந்த சுமைக் குறியீடு உள்ள டயரை எந்தக் கடைக்காரர் "சூப்பரா இருக்கும் சார்" என்றாலும் மாட்டாதீர்கள்.

*

அதே பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நாலு எண்கள் டயரின் பிறந்த தேதி. 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த நாலு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளியே காணவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பாருங்கள். புது டயர் வாங்கும்போது இதைப் படித்துப் பார்த்து, பழைய சரக்காக இருந்தால் வேறு கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பழைய கார் வாங்கும்போது இதைவிடச் சுவாரசியம். "இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று சொல்லப்படும் ஆறு வருஷக் காரில் டயர்கள் போன வருஷம் பிறந்தவையாக இருந்தால், ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

*

டயரின் 'பட்டன்' எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? டயரே சொல்லும். பள்ளங்களின் அடியில் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். உயரம் 1.6 மில்லிமீட்டர். அது இருக்கும் இடத்தைப் பக்கச்சுவரின் மேல்விளிம்பில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ காட்டும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. முடிந்தது என்பது வெயில் காலத்துக் கணக்கு. மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே யோசிக்கத் தொடங்குவது நல்லது.

ஒரு வேடிக்கை: புது டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம். அது அந்த மேடு வரை தேய்ந்தால் டயரின் சுற்றளவு 2 சதவீதம் குறைந்திருக்கும். அதனால் தேய்ந்த டயரோடு ஓடும் கார், ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 2 கிலோமீட்டர் கூடுதலாக மீட்டரில் காட்டும்.

*

தேய்ந்த டயரைப் பார்த்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் போயிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸிங்கையோ சந்தேகப்படலாம்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உண்டு. டயரின் மேற்பரப்பில் கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரங்களின் நோக்குத் திசை சரியில்லை. அலைன்மென்ட் கடைக்கு வண்டியை விடவேண்டிய நேரம். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

அலைன்மென்ட் வேறு, பேலன்ஸிங் வேறு. நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலாவது. 80, 90-ஐத் தொடும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் இரண்டாவது. இரண்டும் ஒரே கடையில் ஒரே பில்லில் நடப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

*

இன்று ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் இழுப்பதும் திரும்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன் டயர்களின் தலையில். அதனால் அவை சீக்கிரம் தேய்கின்றன. எட்டு முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நாலும் சமமாகத் தேயும். முன்சக்கரம் இழுக்கும் காரில் வழக்கமான முறை: முன் டயர்கள் அதே பக்கம் நேராகப் பின்னுக்கு, பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கு. பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் குறுக்கே போடக் கூடாது. அவை ஒரு திசையில் மட்டுமே சுற்றுவதற்காகச் செய்தவை.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே மாட்டுவது? பத்துப் பேரில் எட்டுப் பேர் முன்னால் என்பார்கள், கடைக்காரரும் சேர்த்து. டயர் நிறுவனங்கள் சொல்வது பின்னால். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் வீசிச் சுழலும். அதைச் சமாளிக்கப் பந்தய ஓட்டுநருக்குத்தான் பயிற்சி இருக்கும். இதை எடுத்துச் சொன்னால் கடையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

*

புது டயரில் நிற்கும் ரப்பர் முடிகள் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. அச்சில் வார்க்கும்போது காற்று வெளியேற விட்ட சின்னத் துளைகளில் ரப்பர் புகுந்து நீட்டிக்கொண்டது. மஞ்சள் பொட்டுக்கு மட்டும் வேலை உண்டு: டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் பேலன்ஸிங்குக்கு ஒட்டும் எடைக்கட்டி குறையும். அச்சிலிருந்து வழுக்கி வருவதற்குப் பூசிய மெழுக்கு புது டயரில் மிச்சம் இருக்கும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கொஞ்சம் அடக்கி ஓட்டுங்கள்.

*

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் வீரமாகப் பிடுங்காதீர்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். மெதுவாக ஓட்டிப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். பழைய டயரில் வெள்ளைப் பெயிண்டால் 'பஞ்சர்' என்று எழுதிச் சாலையோரம் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் கடையின் பெயர்ப்பலகை.

அங்கே வெளியிலிருந்து குத்திச் செருகும் பசைத்திரி ஐந்து நிமிட வேலை. டயரைக் கழற்றி, உள்ளிருந்து காளான் வடிவத் தண்டும் ஒட்டும் சேர்த்துப் போடுவது நெடுநாள் நிற்கும். உள்பக்கம் வேறு சேதம் இருக்கிறதா என்று பார்க்கவும் முடியும். எதுவானாலும் தரையில் படும் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டைக்கு மட்டும். பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடக் கூடாது. "டியூப் போட்டு ஓட்டிக்கலாம் சார்" என்பார்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசி உரசிச் சூடாகும், கிழிந்த பக்கச்சுவர் கிழிந்தபடியேதான் இருக்கும்.

பள்ளத்தில் இறங்கி ஏறிய மறுநாள் பக்கச்சுவரில் ஒரு புடைப்பு தெரிந்தால், உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன என்று பொருள். காற்றை அந்த இடத்தில் மெல்லிய ரப்பர் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டும்.

*

ரப்பர் பால் வெள்ளை நிறம். ஆரம்ப காலத்து டயர்களும் வெளிறிய நிறமே. மிஷலின் நிறுவனத்தின் குண்டு பொம்மை, 1898-இல் பிறந்த பிபெண்டம், இன்றும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கார்பன் பிளாக் என்ற நுண்கரியைச் சேர்த்தால் டயர் பல மடங்கு உழைக்கிறது என்று தெரிந்த பிறகே டயர்கள் கறுத்தன. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேட்டை 1900-இல் தொடங்கியதும் இதே டயர்க் கம்பெனிதான். ஜனங்கள் நாலு இடம் சுற்றினால்தானே டயர் தேயும்?

*

நம் எம்.ஆர்.எஃப். தொடங்கியது டயரில் இல்லை, பலூனில். 1946-இல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்தார். 1952-இல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். 1960-களில் டயர் வந்தது. இன்று அரக்கோணம், ஒரகடம், திருப்பெரும்புதூர், பெரம்பலூர், தேர்வாய் கண்டிகை என்று தமிழ்நாட்டின் வரைபடத்தில் பல ஊர்களில் வெவ்வேறு கம்பெனிகளின் டயர் ஆலைகள் புகைகின்றன.

ரப்பர் மரத்தின் விதை பிரேசிலிலிருந்து 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் மூலம் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கன்றாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தது. மலாயாவில் அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அகிலன் அவர்கள் வாழ்க்கையை 'பால்மரக் காட்டினிலே' என்று நாவலாக எழுதினார். தமிழ்நாட்டுக்குள் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்.

*

காரை வெளியே எடுக்காமல் நிறுத்தியே வைத்திருந்தால் டயர் புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது தப்பு. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்க ரப்பரிலேயே சில மருந்துகளும் மெழுகும் கலந்திருப்பார்கள். டயர் ஓடி நெளியும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து காவல் காக்கும். சில டயர்களின் பக்கம் பழுப்பேறித் தெரிவது பெரும்பாலும் அந்த மருந்துதான், அழுக்கில்லை. நின்றே கிடக்கும் டயருக்கு அந்தக் காவல் குறைவு. நுண்வெடிப்பு சீக்கிரம் வரும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அந்தக் காவலும் போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும். பளபளப்புக்குப் பாலிஷ் போடுபவர்கள் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் படும் பகுதியில் பட்டால் வழுக்கும்.

அந்த மருந்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. டயர் தேய்ந்து உதிரும் தூளில் அதுவும் இருக்கிறது. மழையில் சாலையைக் கழுவிச் செல்லும் தண்ணீர் கலந்ததும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று பல ஆண்டுகள் தேடிய விஞ்ஞானிகள், 2020-இல் காரணத்தைக் கண்டார்கள்: 6பிபிடி என்ற அந்தச் சேர்மானம் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் நஞ்சு. மாற்று தேடுகிறார்கள்.

*

எண்ணிக்கையில் உலகிலேயே அதிக டயர் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் பதிவு செய்தது லெகோ பொம்மை நிறுவனத்தை. 2011-இல் மட்டும் 31 கோடிக்கும் மேல். குட்இயர் கம்பெனிக்கும் சார்லஸ் குட்இயருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடித்த அவர் 1860-இல் கடனோடு இறந்தார், கம்பெனி பிறந்தது 1898-இல். காற்று அடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை வாங்கியவர் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். ஆனால் ராபர்ட் தாம்சன் என்பவர் அதே யோசனைக்கு 1845-லேயே வாங்கியிருந்தார்; தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.

*

டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியை மறந்தே போகிறோம். வேண்டிய நாளில் எடுத்தால் அதுவும் தட்டையாக இருக்கும். காற்று பார்க்கும்போது ஐந்தாவதாக அதையும் பாருங்கள். மற்றவற்றைவிட இரண்டு மூன்று பாயிண்ட் கூடுதலாகவே வைக்கலாம், மாட்டும்போது குறைத்துக்கொள்ளலாம். டியூப்லெஸ் டயரும் காற்றளவு காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020-இல் நம் நாட்டு விதி மாறியது. ஆகவே, புதுக் கார் வாங்குபவர்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சில கார்களில் மற்றவற்றைவிடச் சிறிய சக்கரம் இருக்கும். அதில் 80 என்று ஒட்டியிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது, பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டுமே அது.

மாற்றும்போது ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்துங்கள். வண்டி தூக்கியபின் அழுத்தித் திருகினால் ஜாக்கி நழுவும். மாட்டியதும் நட்டுகளை வரிசையாக முறுக்காமல் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்க வேண்டும், முழு இறுக்கம் சக்கரம் தரையில் பட்ட பிறகு. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரை எடுத்து இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.